நாவற்குடாவில் பார்த்த பிரேக் வேலை கட்டுகுருந்த ட்ராக்கில் தாக்குப்பிடித்ததா?

மட்டக்களப்பில் கார் வைத்திருப்பவருக்குத் தன் பிரேக் நல்லதா, சுமாரா என்று தெரிய வரும் சந்தர்ப்பம் குறைவு. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கல்லடிப் பாலத்துக்கும் காத்தான்குடிக்கும் இடையில் ஆட்டோவுக்காகவும் மாட்டுக்காகவும் மிதிப்பதுதான் அநேகமாக எங்கள் பிரேக்கின் முழு உழைப்பு. என் பிரேக்கைப் பார்த்த நாவற்குடா கராஜைப் பற்றி இந்த விமர்சனத்தை எழுதும் தைரியம் வந்ததற்குக் காரணம், கொழும்பிலிருக்கும் என் மச்சான். களுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுகுருந்தவில், சொந்தக் காரை ட்ராக்கில் ஓட்டும் நாள் ஒன்றுக்கு என்னைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டான். போட்டி கிடையாது, பரிசும் கிடையாது. ஹெல்மட் போட்டுக்கொண்டு, தருகிற நேரத்துக்குள் ஓட்டிவிட்டு வெளியே வர வேண்டும்.

என்னுடையது பழைய சுசுகி ஸ்விஃப்ட், மனுவல் கியர். 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025இல் திறந்துவிட்டார்கள்தான். ஆனாலும் இன்றைய விலைக்கு இதை உடைத்தால் இன்னொன்று வாங்க எனக்கு வழியில்லை. இன்ஷூரன்ஸ் பத்திரத்தைத் தேடி எடுத்து வாசித்தேன். ஓட்டப்பந்தயம், வேகச் சோதனை என்றால் ஒரு சதமும் கிடையாது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. சரி, அப்படியென்றால் முதலில் பிரேக்.

கராஜ் நாவற்குடாவில், பிரதான வீதியிலிருந்து வாவிப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. பெயர்ப்பலகை இல்லை. மதிலில் பழைய டயர் தொங்கினால் அதுதான். பாஸுக்கு அறுபது கடந்திருக்கும். ட்ராக் என்று சொன்னதும் சிரிக்கவில்லை, புத்திமதியும் சொல்லவில்லை. போனட்டைத் திறந்து பிரேக் ஒயில் டப்பாவை டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இத எப்ப மாத்தின மனே?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்காகவே அவருக்குப் பாதிப் புள்ளி கொடுக்கலாம். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று இருக்கிற எங்கள் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமா? டொட் 4 என்கிற தரத்து ஒயில் புதிதாக இருக்கும்போது கொதிக்க ஆகக் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வேண்டும். அதில் 3.7 வீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் தர விதி கேட்பது 155 பாகைதான். அதற்குக் கீழ்த் தரமான டொட் 3 என்றால் இவை 205, 140. ஊருக்குள் ஓடும்போது இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ட்ராக்கில் 120இல் வந்து வளைவுக்கு முன் 60க்கு இறக்கும்போது, காரின் இயக்க சக்தியில் முக்கால் பங்கை நிறுத்த வேண்டியிருக்கிறது. அதில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாக இறங்கும். அடுத்த வளைவிலும் அதே கதை. ஒயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி வரும். குமிழி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும், கார் போய்க்கொண்டே இருக்கும்.

பழைய ஒயிலை வெளியேற்றிப் புதிதை ஏற்றிய விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பெடலை மிதித்தால் ஒயிலைக் குழாய்க்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு ஆகத் தூரத்திலுள்ள பின் இடது சக்கரத்தில் தொடங்கினார். ஒயிலை வெளியே விடும் நிப்பிளில் உள்ளே தெரிகிற குழாயைச் செருகி, மறுமுனையைப் போத்தலில் விட்டார். உள்ளே அவருடைய மகன். "அமத்து... பிடி... விடு." பிடி என்றதும் சாவியைக் கால் சுற்றுத் திருப்புவார், விடு என்பதற்கு முன் இறுக்கிவிடுவார். முதலில் வந்தது பிளேன்டீ நிறத்தில். பிறகு வெளிறி, குமிழி ஏதும் இல்லாமல் வந்த பின்னும் போத்தலில் நன்றாக ஏறும் வரை விட்டார். நடுவில் டப்பா வற்றிக் காற்றுப் புகாமல் மகனை எழுப்பி ஊற்ற வைத்தார். கூலி 4,000 ரூபாய். ஒயில் நான் காத்தான்குடியில் வாங்கிக்கொண்டு போனது. மூடியின் முத்திரையை என் கண்முன்தான் உடைத்தார்.

இனி ட்ராக். பொலன்னறுவை, ஹபரணை வழியாகக் கொழும்புக்குப் போய், மறுநாள் தெற்கு அதிவேகப் பாதையில் தொடங்கொடயில் இறங்கினோம். கட்டுகுருந்த இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை, தட்டை நிலம். ஓட்டுவதற்கு முன் கொடிகளைப் பற்றிய விளக்கம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே நடந்தது. பின்வரிசையில் மச்சான் எனக்கு மொழிபெயர்த்துக் கொண்டிருந்தான். மஞ்சள் கொடி என்றால் முந்தக்கூடாது, சிவப்பென்றால் வேகத்தைக் குறைத்து உள்ளே வந்துவிட வேண்டும் என்கிற விஷயத்தை ஒருவர் அரைகுறையாக விளங்கிக்கொள்வது ஏற்பாட்டாளர்களுக்கும் நல்லதல்ல. ஒரு தாளில் தமிழில் அடித்துக் கொடுத்திருக்கலாம்.

பெடல் கடைசி வரை அதே உயரத்தில், அதே இறுக்கத்தில் நின்றது. பாஸின் வேலை பாஸ். சக்கரத்தோடு சுழலும் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் விஷயத்தில்தான் இடித்தது. "இது காணும், புதுசு தேவையில்ல" என்று சொல்லியிருந்தார். சில சுற்றுகளில் கருகல் வாடை வந்தது. பெடல் கல்லாக நிற்கிறது, கார் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது. ஒயில் கொதித்தால் பெடல் பஞ்சாகும், பேட் சூடேறிப் பிடி விட்டால் பெடல் இறுகியே இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பிரேக்கைத் தொடாமல் ஒரு சுற்று ஆறவிட்டு உள்ளே வந்தேன். பிரேக் சூடாக இருந்ததால் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்தேன்.

அந்தப் பேட் வீதிக்குப் போதும் என்பது உண்மைதான், அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் வீதிக்கு வெளியே என்ன நடக்கும் என்பதில் அவருக்குப் பழக்கம் இல்லை. ஒயிலில் தண்ணீர் எவ்வளவு என்று காட்டும் பேனா மாதிரிக் கருவியும் அவரிடம் இல்லை, நிறத்தை வைத்தே தீர்ப்புச் சொல்கிறார். நிறம் கறுக்காமலும் தண்ணீர் ஏறியிருக்கலாம். வீல் நட்டைச் சிலுவைச் சாவியால் கை பார்த்து இறுக்குகிறார். ட்ராக் வாசலில் சோதித்தவர்கள் இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்ச் போட்டபோது இரண்டு நட் இன்னும் திரும்பின.

ஒயில் மாற்ற, வீல் சிலிண்டர் பார்க்க, டிரம் சுத்தம் செய்ய நான் திரும்பவும் அங்கேதான் போவேன். ட்ராக்குக்குப் போகிறவர்கள் சூடு தாங்கும் பேட்டைக் கொழும்பில் கேட்டு எடுத்துக்கொண்டு போய் அவரிடம் பூட்டக் கொடுங்கள். நட்டை வேறு இடத்தில் ஒருமுறை பாருங்கள். போனில் நேரம் கேட்கும் எண்ணம் வேண்டாம், எடுக்க மாட்டார். காலை எட்டரைக்கே போய்விடுங்கள், பத்துக்குப் பிறகு ஆட்டோக்காரர்கள் வரிசைக்கு வந்துவிடுவார்கள்.