லாரித் தளத்துக்கான மடக்குப் படி: ஒரு மதிப்புரை

சரக்கு லாரியின் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது என்பதால், அங்கிருந்து விழுவதைப் பலரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தலை முதலில் தரையில் மோதினால் உயிரைப் பறிப்பதற்கு அந்த உயரமே போதும். தார்பாய் கட்ட டயரில் கால் வைத்து ஏறுவது, கட்டி முடித்ததும் கீழே குதிப்பது என்ற வழக்கத்தை ஒழிப்பதற்காக எங்கள் பணியிடத்து லாரிகளில் இந்த மடக்குப் படியைப் பொருத்தினோம். சேசிஸில் துளை போடாமல், தளத்தின் குறுக்குச் சட்டத்தில் போல்ட் மாட்டினாலே போதும்.

படிகளைவிட என்னைக் கவர்ந்தது கைப்பிடிதான். அது தளத்தின் விளிம்போடு நின்றுவிடாமல் இடுப்புயரத்துக்கு மேலே நீண்டிருப்பதால், இறங்குபவர் நிமிர்ந்து நின்றபடியே அதைப் பற்றி, லாரியைப் பார்த்தவாறு திரும்பி, முதல் படியில் நிதானமாகக் கால் வைக்க முடிகிறது. இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் பிடிமானத்தில் இருக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தருகிறோம். பிடிப்பதற்கே ஒன்றும் இல்லாத லாரியில் அந்த விதியை யாரால் கடைப்பிடிக்க முடியும்? படித்தட்டு முழுவதும் துளைகள். அவற்றின் விளிம்புகள் பற்களைப் போல மேலெழும்பியிருக்கின்றன. பூட்ஸில் ஒட்டிய சேறு துளை வழியே உதிர்ந்துவிடுகிறது, டீசல் சிந்திய நாளிலும் கால் வழுக்கவில்லை.

பாதுகாப்பு பெல்ட் இருந்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். பெல்ட்டோடு இணைந்த வழக்கமான 1.8 மீட்டர் கயிறு முழுதாக நீண்டு, அதிர்ச்சி தாங்கும் பகுதியும் விரிந்த பிறகுதான் விழுபவரை அது தாங்கும். தலைக்கு மேலே கொக்கி மாட்ட இடமில்லாத லாரித் தளத்தில், அதற்குள் அவர் தரையில் மோதிவிடுவார்.

குறை கடைசிப் படியில் இருக்கிறது. மடக்கி நிறுத்தும் கொக்கியில் மண் புகுந்து இறுகிவிடுவதால், அவசரத்தில் இருப்பவர்கள் அதை விரிக்காமலே குதித்துவிடுகிறார்கள். விற்றவர்கள் எண்ணெய் விடச் சொன்னார்கள். எண்ணெயில் மண் இன்னும் அதிகமாகத்தான் ஒட்டுகிறது. மண் அள்ளும் பெரிய லோடர் இயந்திரங்களில் கடைசிப் படியை ரப்பர் பட்டையிலோ சங்கிலியிலோ தொங்கவிட்டிருப்பார்கள். கல்லில் இடித்தால் வளைந்து கொடுத்துத் தானே பழைய நிலைக்கு வந்துவிடும். அந்த அமைப்பையே இதற்கும் கொடுத்திருக்கலாம்.

இந்தப் படி ஏறி இறங்குவதற்கு மட்டுமே என்பதையும் வாங்குபவர்கள் அறிந்திருக்க வேண்டும். தளத்தில் பின்னோக்கி நடந்தபடி தார்பாயை இழுப்பவர் விளிம்பில் தவறி விழுவதை இது தடுக்காது. அதற்குத் தரையில் நின்றே மூடக்கூடிய தார்பாய் அமைப்பு வேண்டும். கொக்கியை மாற்றித் தந்தால், மீதமுள்ள லாரிகளுக்கும் இதையே வாங்கப் பரிந்துரைப்பேன். அதுவரை, புறப்படும் முன் டயரைத் தட்டிப் பார்க்கும்போதே கொக்கியையும் இழுத்துப் பார்க்கும்படி ஓட்டுநர்களிடம் சொல்லியிருக்கிறோம்.