க்ளூ கன் எதை ஒட்டும், எதைக் கைவிடும்: கிறிஸ்துமஸ் அலங்காரம் செய்பவரின் மதிப்புரை

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். அட்டை, துணி, மரக்குச்சி, பைன் காய் என்று சேர்த்துவைத்துக் கிறிஸ்துமஸ் அலங்காரம் செய்பவர் என்றால் பசைக் குச்சியைச் சூட்டில் உருக்கி ஒட்டும் க்ளூ கன் வாங்குங்கள், பணம் வீண் போகாது. உங்களிடம் சேர்ந்திருப்பது பாட்டில் மூடி, தகர டப்பா, கண்ணாடிக் குடுவை என்றால் அதே பணத்துக்கு மெல்லிய கம்பியும் ஒரு குறடும் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல் 'எல்லாவற்றையும் ஒட்டும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். நம்ப வேண்டாம்.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆலயத்துக்கு அலங்காரம் செய்வது என் டிசம்பர் வேலை. வீட்டிலும் வழியிலும் கிடைப்பதை வைத்தே செய்ய வேண்டும் என்பது எங்கள் விதி. பசைக்கும் நூலுக்கும் மட்டும் விலக்கு உண்டு. என்னிடம் இரண்டு க்ளூ கன் இருக்கின்றன. ஒன்று 20 வாட், 7 மில்லிமீட்டர் குச்சி போடும் சிறியது. மற்றது 60 வாட், 11 மில்லிமீட்டர் குச்சி. நிறுவனப் பெயர்களைச் சொல்லப்போவதில்லை. இந்த அளவுகளில் வேறுவேறு பெயர் ஒட்டி ஏறக்குறைய ஒரே பொருளைத்தான் விற்கிறார்கள்.

சின்னதின் குறைகளை முதலில் முடித்துவிடலாம். அதில் ஸ்விட்ச் கிடையாது. பிளக்கைச் செருகினால் சூடாகும், பிடுங்கினால் ஆறும், அவ்வளவுதான். மேசையில் பிள்ளைகள் இருக்கும்போது இது எனக்குச் சரிப்படவில்லை. நிறுத்திவைக்க ஒரு வளைந்த கம்பி கொடுத்திருக்கிறார்கள். பின்னால் புதுக் குச்சி நீட்டிக்கொண்டிருந்தால் பாரம் தாங்காமல் கன் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். சும்மா வைத்திருந்தாலும் மூக்கிலிருந்து பசை சொட்டும், அதனால் அடியில் ஒரு பழைய பீங்கான் தட்டு நிரந்தரமாக வேண்டும். ஆனாலும் கைக்கு அடக்கமானது, மூக்கு மெல்லியது. பட்டன், விதை, குட்டிக் கிளை மாதிரியான நுணுக்க வேலைக்கு நான் எடுப்பது இதைத்தான்.

பெரியதில் ஸ்விட்ச் உண்டு, இரண்டு சூட்டு நிலையும் உண்டு. குறைந்த நிலை 120 டிகிரி செல்சியஸ் அளவில், கூடிய நிலை 190 அளவில். கடையில் விலையைப் பார்ப்பதற்கு முன் இந்த இரண்டு நிலை இருக்கிறதா என்று பாருங்கள். தெர்மகோலில் கூடிய சூட்டில் பசை வைத்தால் அந்த இடமே உருகிக் குழியாகிவிடும். குறைந்த நிலையில் அந்தத் தொல்லை குறைவு. பிள்ளைகளுக்கும் அதுவே போதும், அதுவும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால்.

இந்தப் பசை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். குச்சி பெரும்பாலும் எத்திலீன் வினைல் அசிடேட் என்கிற பிளாஸ்டிக். வெள்ளைப் பசையைப் போல நீர் வற்றிக் காய்வது இதில் இல்லை. உருகி வழிகிறது, ஆறியதும் இறுகுகிறது. உருகிய நிலையில் பொருளின் நாருக்குள்ளும் துளைக்குள்ளும் புகுந்து அங்கேயே இறுகினால்தான் பிடிப்பு. புக இடமே இல்லாத வழவழப்பான பரப்பில் மேலோட்டமாக உட்கார்ந்திருக்கும், நகத்தால் நெம்பினால் முழுசாகக் கழன்று வரும்.

அதனால்தான் பைன் காயும் க்ளூ கன்னும் அவ்வளவு பொருத்தமான ஜோடி. செதிலுக்குச் செதில் சொரசொரப்பு, இடுக்கு. ஒரு சொட்டு வைத்து அரை நிமிடம் பிடித்தால் போதும். ஆனால் பொறுக்கிக்கொண்டு வந்த கையோடு ஒட்டாதீர்கள். ஈரமான காய் செதில்களை மூடிக்கொண்டிருக்கும், காய்ந்தால் விரியும். செதிலின் இரண்டு அடுக்குகள் ஈரத்தில் ஒரே அளவு உப்பாததால் வரும் அசைவு இது, மரத்திலிருந்து விழுந்து வெகுநாள் ஆன காயிலும் நடக்கும். மூடிய காயில் ஒட்டிய பட்டன்கள் வீட்டுச் சூட்டில் காய் விரிய விரிய ஒவ்வொன்றாகத் தெறிக்கும். ஓவனில் 100 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் காய் முழுக்க விரிந்துவிடும், உள்ளே குடியிருக்கும் பூச்சியும் போய்விடும், பிசினும் இளகிப் பரவி லேசாகப் பளபளக்கும். ஓவனை விட்டு நகராமல் பார்த்துக்கொள்ளுங்கள். உலர்ந்த பைன் காய் நன்றாக எரியக்கூடிய பொருள். இதே காரணத்துக்காக எங்கள் மாலைகளுக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி கிடையாது, எல்.இ.டி. சரம் மட்டும்தான்.

அட்டையிலும் கன்னுக்கு முழு மதிப்பெண். டிஷ்யூ ரோலின் அட்டைக்குழாயைத் தட்டையாக அமுக்கி விரல் அகலத்துக்கு வெட்டினால் இதழ் வடிவ வளையங்கள் கிடைக்கும். ஆறு இதழை நுனியோடு நுனி சேர்த்தால் ஒரு நட்சத்திரம். வெள்ளைப் பசையில் இதையே செய்தால் ஒவ்வொரு முனைக்கும் கிளிப் போட்டுக் காத்திருக்க வேண்டும், பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமை இருக்காது. பெட்டி அட்டையில் வளையம் வெட்டி, கசக்கிய செய்தித்தாளால் உப்பவைத்து, கிழிந்த பருத்தித் துணியைப் பட்டை பட்டையாகச் சுற்றிச் செய்யும் மாலைக்கும் கன்தான் சரி. துணியின் இரண்டு முனையில் மட்டும் பசை வையுங்கள். நடுவில் வைத்தால் கறையாக ஊறித் தெரியும்.

சரி, இனி கைவிடும் இடங்கள். பிளாஸ்டிக் பாட்டில் மூடிகளில் பனிமனிதன் செய்தோம். "அக்கா, தலை மறுபடியும் விழுந்துடுச்சு" என்ற குரல் அன்று முழுக்க ஓயவில்லை. அந்த மூடிகள் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். அவற்றில் இந்தப் பசை என்றில்லை, சாதாரணமாக வீட்டில் இருக்கும் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. ஜூஸ் அட்டைப்பெட்டியின் உட்புறம் வெள்ளி மாதிரி மின்னுகிறதே என்று நட்சத்திரம் வெட்டினாலும் இதே கதை. அலுமினியத்தின் மேல் மெல்லிய பாலிஎத்திலீன் படலம் இருக்கிறது, பசை தொடுவது அதைத்தான். வெள்ளிப் பக்கத்தை வெளியே காட்டி, அட்டைப் பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து அங்கே ஒட்டினால் ஓரளவு நிற்கும்.

தகர மூடியில் காரணம் வேறு. உலோகம் சூட்டை உடனே இழுத்துக்கொள்ளும். பசை பரவுவதற்குள் உறைந்துவிடும். மூடியை உப்புத்தாளால் கீறி, வெதுவெதுப்பாகச் சூடாக்கி, கூடிய நிலையில் பசை வைத்தால் முன்பைவிடத் தேவலாம். நான் இப்போது அந்த வம்புக்கே போவதில்லை. ஆணியால் ஒரு துளை, அதில் நூல், முடிந்தது. காற்றில் ஒன்றோடொன்று மோதிச் சத்தமும் வரும். கண்ணாடிக் குடுவைக்கும் கழுத்தில் கம்பி சுற்றுவதுதான் உறுதி. சூப்பர் க்ளூ பிடிக்கும், ஆனால் சுற்றிலும் வெண்படலம் படிந்து கண்ணாடியின் அழகைக் கெடுக்கும்.

காகித வேலையில் கன்னைத் தள்ளிவைக்க வேண்டிய இடமும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நீஸ்கியில் மொரேவியன் என்ற கிறிஸ்தவ சபையின் பள்ளி ஒன்றில் கணக்குப் பாடத்துக்காகச் செய்யத் தொடங்கியதாகச் சொல்லப்படும் பல முனை நட்சத்திரம் இருக்கிறதே, 17 நாற்பக்கக் கூம்பும் 8 முப்பக்கக் கூம்பும் சேர்ந்த அதே நட்சத்திரம், அதைப் பழைய காலண்டர் தாள்களில் செய்தோம். ஒவ்வொரு கூம்பிலும் மடித்து ஒட்டும் மெல்லிய விளிம்பு வரும். அங்கே க்ளூ கன் வைத்தால் தடித்துப்போய், அந்தத் தடிமன் கூடிக்கூடிக் கடைசிக் கூம்பு உட்காரவே உட்காராது. வெள்ளைப் பசையை ஒரு குச்சியால் தடவுங்கள். நேரம் பிடிக்கும், வேறு வழியில்லை.

செய்து முடித்ததை எங்கே தொங்கவிடுகிறீர்கள் என்பதும் முக்கியம். 60, 70 டிகிரி வாக்கிலேயே இந்தப் பசை இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது உதிரி பாகங்களைத்தான் பார்ப்பீர்கள். பழைய இழை பல்புக்கு ஒட்டியபடி தொங்கவிட்டாலும் இதுதான் நடக்கும்.

சிலந்தி நூல் மாதிரி மெல்லிய பசை இழைகள் எங்கும் பறக்கும். அதைக் கையால் பிய்த்துக்கொண்டிருக்காதீர்கள், ஹேர் டிரையரை ஓட்டினால் சுருண்டு மறைந்துவிடும். தப்பான இடத்தில் ஒட்டியதைக் கழற்ற, பசையின் விளிம்பில் ஐசோபிரப்பைல் ஆல்கஹால் தொட்டுவைத்தால் வழவழப்பான பரப்பிலிருந்து சுத்தமாக விட்டு வரும். கையில் பட்டால் ஐஸ் வேண்டாம், குழாயைத் திறந்து குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். தோலோடு ஒட்டிய பசையை இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். கொப்புளம் பெரிதாக இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

சில பெட்டிகளில் மினுக்குத்தூள் கலந்த குச்சிகளையும் சேர்த்துத் தருகிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. மினுக்குத்தூள் பெரும்பாலும் நுண்ணிய பிளாஸ்டிக். 2023 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் உதிரியாக விற்கும் பிளாஸ்டிக் மினுக்குத்தூளுக்குத் தடை கொண்டுவந்தது. பசைக்குள் சிக்கிய தூள் அந்தத் தடைக்குள் வராது என்பது உண்மைதான். ஆனால் பழைய காகிதத்தில் செய்த நட்சத்திரத்தின் மேல் அதைப் பூசிவிட்டால், பண்டிகை முடிந்து அதைக் காகிதக் கழிவில் போட முடியாது. குப்பையில் சேர வேண்டியதை எடுத்து, இன்னும் மோசமான குப்பையாக்கித் திருப்பிக் கொடுப்பதில் எனக்கு விருப்பமில்லை.

கிடைத்ததெல்லாம் அலங்காரத்துக்கு ஆகும் என்றும் நினைக்க வேண்டாம். சுருள் வடிவ சி.எஃப்.எல். பல்பில் பாதரசம் இருக்கிறது, உடைந்தால் வம்பு. இழை பல்பு மட்டும் எடுங்கள். தாத்தா பாட்டி காலத்துப் பெட்டியில் கனமாக, தளர்வாகத் தொங்கும் வெள்ளிநிற இழைகள் கிடைத்தால் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். 1970-களின் தொடக்கம் வரை அவற்றை ஈயத்தில் செய்து வந்தார்கள். பழைய சி.டி.யைக் காய்ந்தபடியே வெட்டினால் சில்லு தெறிக்கும். வெந்நீரில் ஊறவைத்து வெட்டுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்ததில் ஒரு சொட்டுப் பசைகூட இல்லை என்பதை இந்த மதிப்புரையில் சொல்வது கொஞ்சம் அநியாயம்தான். காற்றில் முறிந்து விழுந்த குச்சிகளை நீளத்திலிருந்து குட்டைவரை அடுக்கி, இரண்டு பக்கமும் சணல் கயிற்றால் முடிச்சுப் போட்டுச் சுவரில் தொங்கவிடும் மரம் அது. ஜனவரியில் முடிச்சை அவிழ்த்தால் குச்சி தோட்டத்துக்கு, கயிறு அலமாரிக்கு.

வாங்குவதானால் இரண்டு சூட்டு நிலை, ஸ்விட்ச், அகலமான அடிப்பாகம், மூக்கைச் சுற்றி சிலிக்கான் உறை, இவ்வளவையும் பார்த்து 11 மில்லிமீட்டர் கன்னாக எடுங்கள். அதன் துளையில் 7 மில்லிமீட்டர் குச்சி சரியாக நகராது, குச்சி வாங்கும்போது அளவைச் சரிபாருங்கள். பாதிக் குச்சி உள்ளே இருக்கும்போது நிறம் மாற்ற வேண்டும் என்று பின்னால் இழுக்காதீர்கள், உருகிய பசை உள்ளே வழிந்து அடைத்துக்கொள்ளும். அடுத்த குச்சியைப் பின்னால் செருகி முன்னதைத் தள்ளித் தீர்த்துவிடுங்கள். நிறம் கலந்து வருவதை ஏதாவது பைன் காயின் அடியில் வைத்து முடித்துவிடலாம்.