பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு: பாலக்காட்டு எல்லையில் எப்படி இருக்கிறது?

பொங்கல் விடுமுறையில் நம்ம பக்கத்துக்குப் பயன்படும்படி ஏதாவது தன்னார்வ வேலை உண்டா என்று கேட்டால், கேரள-தமிழ்நாட்டு எல்லையில் உள்ள வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் பகுதிகளுக்கு முதலில் கைகாட்டக்கூடியது பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புதான். பொங்கலை ஒட்டி நான்கு நாள் நடக்கிறது. கட்டணம் இல்லை, முன்பதிவும் இல்லை. ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்றோ நடந்தோ, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எண்ணி, பறவைகளைப் பதியும் இ-பேர்டு செயலியில் பட்டியலாக ஏற்ற வேண்டும். தைப்பொங்கலுக்குப் பாலக்காடு மாவட்டத்திலும் உள்ளூர் விடுமுறை என்பதால், எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள பிள்ளைகளைச் சேர்த்தே அழைத்துப் போகலாம்.

இந்த ஏற்பாட்டின் பெரிய பலம், இதற்கு அபூர்வப் பறவை தேவையில்லை என்பது. காக்கை, மைனா, தவிட்டுக்குருவி, மடையான் என்று வீட்டைச் சுற்றி இருப்பதே போதும். பட்டியலை முடிக்கும்போது செயலி ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் தெரிந்த பறவைகள் எல்லாவற்றையும் பதிந்துவிட்டீர்களா? 'ஆம்' என்று சொன்னால் அது முழுப் பட்டியல். அதில் சிட்டுக்குருவி இல்லை என்றால், அந்த நேரத்தில் அங்கே அது யார் கண்ணிலும் படவில்லை என்பதும் தகவலாகிறது. நூறு பட்டியலில் எத்தனையில் சிட்டுக்குருவி இருந்தது என்று ஆண்டுதோறும் ஒப்பிட்டால்தான் பெருகுகிறதா, குறைகிறதா என்று தெரியும். இங்கேதான் புதியவர்கள் தவறுகிறார்கள். காக்கையை எழுதுவானேன் என்று விட்டுவிட்டு 'ஆம்' என்று தட்டிவிடுவார்கள். கணக்கில் கொழிஞ்சாம்பாறையில் காக்கையே இல்லை என்றாகிவிடும். பனங்காடை ஒன்றை மட்டும் பதியும் எண்ணம் என்றால் 'இல்லை' என்று சொல்லுங்கள், தப்பில்லை.

எண்ணிக்கைக்குப் பதில் எக்ஸ் என்று போடும் வசதியும் உண்டு. இருந்தது, எண்ணவில்லை என்று அதற்குப் பொருள். கூடுமானவரை அதைத் தவிர்க்கவும். தோராயமான எண் எக்ஸை விட எவ்வளவோ மேல். ஏரியில் கொக்குக் கூட்டம் என்றால் முதலில் பத்து கொக்குகளை எண்ணி, அவை எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று மனதில் பிடித்துக்கொண்டு, அதே அளவை மொத்தக் கூட்டத்தின் மேல் நகர்த்திப் பாருங்கள். போன வழியே திரும்பினால் அதே பறவைகளை மறுபடி எண்ணக் கூடாது. தூரத்தையும் ஒருவழிக்கு மட்டுமே போட வேண்டும். ஒரு கிலோமீட்டர் போய் ஒரு கிலோமீட்டர் திரும்பினால் செயலி இரண்டு என்று காட்டும். கையால் ஒன்று என்று மாற்றுங்கள். 30 மீட்டருக்குள் நின்று பார்த்தது 'நின்ற இடம்' வகையில் வரும். போனில் பேட்டரி சேமிப்பு இயங்கினால் வழித்தடப் பதிவு நடுவில் அறுந்து நேர்கோடாகிவிடும். கிளம்பும் முன் அதை அணைத்துவிட்டு, நம் பகுதியில் காணக்கூடிய பறவைகளின் பெயர்த் தொகுப்பையும் செயலியில் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

எல்லையோரத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஒரு பட்டியலுக்கு ஒரே இடம், அந்த இடத்துக்கு ஒரே மாநிலம். வேலந்தாவளம் சோதனைச்சாவடிக்குக் கிழக்கே தொடங்கி மேற்கே முடித்தால், செயலியின் வரைபடத்தில் குறித்த இடம் எந்த மாநிலமோ அந்தக் கணக்கில் எல்லாப் பறவையும் போய் விழும். அதனால் எல்லையைத் தாண்டும்போது பட்டியலை முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். இன்னொன்று, பொங்கல் கணக்கெடுப்பு தமிழ்நாட்டு நிகழ்வு. கொழிஞ்சாம்பாறையில் பொங்கல் வைத்துவிட்டுப் போட்ட பட்டியல், நிகழ்வின் தொகுப்பில் வராது. கேரளக் கணக்கில் சேரும். தரவு வீணாவதில்லை, எல்லாம் ஒரே களஞ்சியம்தான். ஆனாலும் தமிழ் பேசும் பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பெயரை அந்தத் தொகுப்பில் தேடி ஏமாறுவார்கள். அழைத்துப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம்.

அடையாளம் காண்பதில் இங்கே வழக்கமாக வரும் குழப்பங்கள் சில. கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருப்பது தகைவிலான். பனை உழவாரன் கம்பியில் உட்காராது; பனையோலையின் அடியில் ஒட்டிக் கூடு கட்டி, பகலெல்லாம் பறந்துகொண்டே இருக்கும். பாலக்காட்டின் கிழக்கே பனங்காடு நிறைய என்பதால் இரண்டையும் ஒரே பார்வையில் காணலாம். தவிட்டுக்குருவிக்குத் தலையுச்சி வெளிறிய சாம்பல், குரல் மெல்லிய கீச்சு. காட்டுச்சிலம்பனுக்கு உடம்பும் தலையும் ஒரே பழுப்பு, குரல் கரகரப்பு. வெள்ளைக் கொக்குகளில், வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு, கண்ணோடு நின்றால் நடுத்தரக் கொக்கு. கறுத்த அலகும் மஞ்சள் பாதமும் சின்னக்கொக்கு. பூனைப்பருந்துகளில் பெண்ணும் இளம்பறவையும் அனுபவசாலிகளுக்கே சோதனை. பெயரை ஊகிக்காமல் 'பூனைப்பருந்து இனம்' என்று பொதுவாகப் பதியுங்கள்.

பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியின் ஒலி அறியும் வசதி புதியவர்களுக்குப் பெரிய துணை. ஆனால் அதன் சொல்லை அப்படியே பட்டியலில் ஏற்றக் கூடாது. கரிச்சான் வல்லூறு மாதிரியே கத்தும். மெர்லின் வல்லூறு என்று காட்டும். காட்டிய பெயரைக் கண்ணால் பார்த்தோ, குரலை நன்றாகக் கேட்டோ உறுதி செய்த பிறகே சேர்க்கவும். வழக்கத்துக்கு மாறான பறவையோ எண்ணிக்கையோ பதிந்தால் அந்தப் பகுதியின் தன்னார்வச் சரிபார்ப்பாளரிடமிருந்து விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வரலாம். அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என்ன பார்த்தீர்கள், எவ்வளவு தொலைவில், எந்த அடையாளத்தை வைத்து என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

குழுவாகப் போகும்போது ஒருவர் மட்டும் எழுத வேண்டும். ஏற்றிய பிறகு மற்றவர்களுக்குப் பகிர்ந்தால் எல்லோர் கணக்கிலும் சேரும். ஆளாளுக்குத் தனியாக ஏற்றினால் அதே பறவைகள் பலமுறை எண்ணப்படும். ஒரு குழுவுக்கு ஐந்தாறு பேர் போதும். அதற்கு மேல் போனால் பேச்சுச் சத்தத்தில் பறவைக் குரல் காதில் விழாது. இருநோக்கி வாங்குவதென்றால் 8க்கு 42 அளவு, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்பக்க வில்லை 42 மி.மீ. பத்து மடங்கு கையில் ஆடும், பிள்ளைகளுக்கு இன்னும் கஷ்டம்.

குறை என்று பார்த்தால், ஆட்கள் போகும் இடம்தான். எல்லோரும் வாளையாறு, மீன்கரை, சுள்ளியாறு என்று நீர்நிலைகளுக்கே ஓடுகிறார்கள். தென்னந்தோப்பு, கடலைக்காடு, தரிசு ஆகியவற்றிலிருந்து பட்டியல் அபூர்வமாகவே வருகிறது. கேரளப் பறவை வரைபடப் பணி 2015 முதல் 2020 வரை தன்னார்வலர்களை வைத்தே முடிந்தது. அதில் இடங்களை முன்பே கட்டம் போட்டுத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் 15 நிமிடப் பட்டியல் எடுத்தார்கள். அந்த ஒழுங்கில் பாதியையாவது பொங்கலுக்குக் கொண்டுவரலாம்: ஒரு குழு ஏரிக்கு, ஒரு குழு தோப்புக்கு, ஒரு குழு ஊருக்குள். அணைப் பகுதியில் மழைக்காலத்து நீர் இன்னும் நிறைந்திருந்தால் சேற்றில் இரை தேடும் உள்ளான் பறவைகள் நிற்க இடம் இருக்காது, ஏமாற வேண்டாம். வாளையாறு பக்கம் யானை நடமாட்டம் உண்டு. வனத்துறை அனுமதியின்றிக் காட்டு விளிம்புக்குள் போகக் கூடாது.

பொங்கலுக்கு முடியாதவர்கள் பிப்ரவரி நடுவில் வரும் நான்கு நாள் உலகக் கணக்கெடுப்பில் சேரலாம். கேரளப் பக்கம் இருப்பவர்களுக்கு ஓணம் பறவைக் கணக்கெடுப்பும் உண்டு. மூன்றுக்கும் செயலி ஒன்று, முறை ஒன்று. ஒரே இடத்தில் மூன்று முறையும் போட்டால் வலசைப் பறவைகள் எந்தப் பருவத்தில் இருக்கின்றன, எந்தப் பருவத்தில் இல்லை என்பது அந்த ஊரின் பட்டியலிலேயே தெரியும்.