முதிர்ந்த போர்தோ ஒயினை இணையத்தில் வாங்குவோர் கவனத்திற்கு

பாரிஸில் வசிக்கும் நான், எங்களுக்குத் திருமணம் நடந்த 1996ஆம் ஆண்டின் சிவப்பு ஒயினை மணநாள் விருந்தில் பரிமாற விரும்பி, முதிர்ந்த ஒயின்களை விற்கும் இணையக் கடை ஒன்றில் ஆறு போத்தல்களை 840 யூரோ கொடுத்து வாங்கி ஏமாந்தேன். அவை பிரான்சின் போர்தோ வட்டாரத்தில், மெதோக்கைச் சேர்ந்த போயாக் பகுதியில், சிறந்த தோட்டங்களை வரிசைப்படுத்திய 1855ஆம் ஆண்டுத் தரவரிசையில் இடம்பெற்ற ஒரு தோட்டத்தின் ஒயின். அந்தத் தோட்டத்தின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. மெதோக் முழுவதும் கபர்னே சோவிஞ்ஞோன் திராட்சை மிக நன்றாகக் கனிந்த ஆண்டு 1996.

"வாங்கிய நாள் முதல் ஒரே நிலவறையில் பாதுகாக்கப்பட்டது" என்று விற்பனைப் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். படத்தில் இருந்ததோ ஒரு போத்தலின் பெயர்ச்சீட்டு மட்டும். ஒவ்வொரு போத்தலிலும் ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று காட்டும்படி நான் கேட்கவில்லை.

பழைய ஒயினில் மண்டி படிந்திருக்கும், பயணத்தில் அது கலங்கிவிடும் என்பதால், வந்த பொதியைப் பிரித்தவுடன் போத்தல்களை 13 பாகை செல்சியஸ் குளிர்ச்சியில் படுக்க வைத்து நான்கு வாரங்கள் தொடாமல் விட்டேன். ஒயினுக்கு அது நல்லதுதான். ஆனால் இணையத்தில் வாங்கிய பொருளைக் காரணம் சொல்லாமல் திருப்பியனுப்ப ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் தரும் 14 நாள் அவகாசம் அதற்குள் கடந்துவிட்டது.

விருந்துக்கு முதல் நாள் அவற்றை நிமிர்த்தி வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் நெஞ்சு பதறியது. இத்தனை வயதுடைய போர்தோவில் ஒயின் கழுத்தின் அடியிலோ தோளின் மேற்பகுதியிலோ நிற்பது இயல்பு. இங்கே மூன்று போத்தல்களில் அது தோளின் நடுவரை இறங்கியிருந்தது. ஒன்றில் தக்கை மேலெழும்பி, உலோக உறை புடைத்து, அதன் ஓரத்தில் ஒயின் கசிந்து காய்ந்த பிசுக்கு ஒட்டியிருந்தது. வெப்பத்தில் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளுகிறது. குளிரும்போது சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கிறது. பல கோடைகள் இப்படி நடந்தால் எந்த ஒயினும் தாங்காது.

நன்றாக முதிர்ந்த போயாக் ஒயினில், துவர்ப்பைத் தரும் டானின்கள் ஒன்றோடொன்று பிணைந்து மண்டியாகப் படிந்து துவர்ப்பு மென்மையாகியிருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பில் செங்கல் நிறம் தெரியும். தேவதாருக் கட்டை, பென்சில் கரி, தோல், மழை நனைத்த காட்டு மண் ஆகியவற்றின் மணங்களுக்கு அடியில் உலர்ந்த கறுப்புப் பழத்தின் இனிமை இன்னும் உயிரோடு இருக்கும். நான் திறந்த முதல் போத்தலில் நிறம் முழுவதும் தேநீர்ப் பழுப்பு. கருகிய சர்க்கரையும் பழைய வாதுமைக் கொட்டையும் மணத்தன. நாவில் பழச்சுவை அறவே இல்லாமல் புளிப்பு மட்டும் குத்தியது. மனைவி ஒரு மிடறு அருந்திவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். இரண்டாவது போத்தலும் அப்படியே.

கடைக்கு எழுதினேன். "தக்கை நோய், அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது" என்று பதில் வந்தது. இதை நான் ஏற்கவில்லை. தக்கையிலிருந்து ஒயினில் தொற்றும் இந்தக் கெடுதல் ஈரமான அட்டையும் பூஞ்சையும் போல நாறும். அது ஒரு போத்தலைத் தாக்கி அடுத்ததை விட்டுவிடுவதும் உண்டு. திறந்த இரண்டிலும் ஒரே கெடுதல் இருந்தால், அவை சேர்ந்து வெப்பத்தில் கிடந்தன என்பதே பொருள். எந்த நிலவறை, முதலில் வாங்கிய ரசீது எங்கே என்ற என் இரண்டு கேள்விகளுக்கும் இன்றுவரை விடையில்லை.

பழைய ஒயின் வாங்குகிறவர்கள் உண்மையில் விலை கொடுப்பது, அது கிடந்த இடத்துக்குத்தான். பணம் செலுத்துமுன் ஒவ்வொரு போத்தலின் கழுத்தையும் தோளையும் உறையையும் தனித்தனியே படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், யார் கையிலிருந்து வந்தது என்பதற்குத் தாள் கேளுங்கள், தயங்கினால் விலகிவிடுங்கள். பொதி வந்த அன்றே எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பிறகு ஓய்வெடுக்க வையுங்கள். இயலுமானால், தன் நிலவறையிலிருந்து தோட்டமே நேரடியாக வெளியிடும் பழைய ஆண்டு ஒயின்களை வாங்குங்கள். விலை கூடினாலும் அவை இடம் மாறியிராதவை.

மீதமுள்ள நான்கு போத்தல்களைத் திறக்காமல், படங்களோடும் கடிதங்களோடும் சேர்த்து வைத்திருக்கிறேன். கடைக்குப் பதிவுத் தபாலில் முறையீடு அனுப்பியாயிற்று; அடுத்து நுகர்வோர் சமரசரிடம் போகிறேன்.