துனாலியெல்லா காப்ஸ்யூலும் க்ரீமும்: ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்திய அனுபவம்

உப்பளப் பாசியான துனாலியெல்லா சலினாவிலிருந்து எடுத்த பீட்டா கரோட்டின் (கேரட்டுக்கு நிறம் தரும் அதே சத்து) காப்ஸ்யூலை ஒரு வருடத்துக்கும் மேலாகச் சாப்பிட்டு வருகிறேன். அதே பாசியின் சாறு கலந்த முக க்ரீமும் கூடவே. இரண்டுமே விலை கூடுதல் என்பதால், வாங்க யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் தூத்துக்குடிப் பக்கம் கோடையில் உப்புப் பாத்தித் தண்ணீர் சிவந்து நிற்கும். உப்பை விரும்பும் பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்களோடு இந்தப் பாசிக்கும் அதில் பங்குண்டு. இது பச்சைப் பாசி இனம்தான். வெயிலும் உப்பும் ஏறி, சத்தும் குறையும்போது தன்னைக் காத்துக்கொள்ளக் கரோட்டினைச் சேர்த்து வைக்கும். உலர் எடையில் 10 சதவீதம் வரைகூடப் போகும். ஆஸ்திரேலியாவின் ஹட் லகூனில் இதற்காகவே பெரிய குளங்களில் வளர்க்கிறார்கள்.

ஒரு காப்ஸ்யூலை ஊசியால் குத்திப் பார்த்தேன். கருஞ்சிவப்பாக எண்ணெய் வந்தது. விரலில் தேய்த்தால் மஞ்சளாகப் பரவுகிறது, லேசாகக் கடல்பாசி வாடை. துணியில் பட்டால் சுலபத்தில் போகாது. கொழுப்பில் கரையும் சத்து என்பதால் வெறும் வயிற்றில் சாப்பிடுவதில் பயனில்லை. நான் மதியச் சாப்பாட்டோடு எடுக்கிறேன்.

சில மாதங்களில் உள்ளங்கை மஞ்சள் தட்டியது. "என்னடி, மஞ்சக்காமாலையா?" என்று அம்மா பதறிவிட்டார். காமாலை என்றால் கண் வெள்ளையும் மஞ்சளாகும், எனக்குக் கண் வெள்ளையாகவே இருந்தது. டாக்டரும் கண்ணைப் பார்த்துவிட்டு, கரோட்டின் தோலில் படிந்ததுதான், பயமில்லை என்றார். ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைத்ததும் மெல்ல மறைந்துவிட்டது.

சரி, பலன்? வெயிலில் முகம் கன்றுவது கொஞ்சம் குறைந்ததாகத் தெரிகிறது. இந்தப் பாதுகாப்பு உண்டாகக் குறைந்தது 10 வாரமாவது தொடர்ந்து சாப்பிட வேண்டும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அப்போதும் அது சன்ஸ்கிரீனுக்கு ஈடாகாது, சன்ஸ்கிரீன் பூசுவதை நான் நிறுத்தவில்லை. க்ரீம் போட்டால் முகம் நாள் முழுக்க வறளாமல் இருக்கிறது, ஆனால் கன்னத்துக் கரும்புள்ளி அப்படியே இருக்கிறது. சாதாரண கிளிசரின் க்ரீமே இவ்வளவு செய்யும். ஜன்னலோரம் வைத்த டப்பாவில் அந்த இளம் ஆரஞ்சு நிறமும் வெளுத்துவிட்டது. கரோட்டினுக்கு வெளிச்சமும் காற்றும் ஆகாது. க்ரீமை மறுபடி வாங்க மாட்டேன், காப்ஸ்யூலைத் தொடர்வேன். தினமும் முருங்கைக்கீரையும் கேரட்டும் சாப்பிடும் வீட்டுக்கு அதுவும் தேவையில்லை.

பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் மட்டும் இதைத் தொடவே வேண்டாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குத் தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1994இல் வெளியானது. மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் கூடியிருந்தது. அங்கே கொடுத்தது செயற்கைக் கரோட்டின்தான். அதற்காக, பாசியிலிருந்து வந்தது ஒன்றும் செய்யாது என்று நம்பிவிட முடியாது. என் வீட்டுக்காரர் புகைபிடிப்பவர். பலமுறை கேட்டும் அவருக்கு ஒரு காப்ஸ்யூல்கூட நான் கொடுக்கவில்லை.