கட்டைக் கணக்கைக் கணினியில் கற்பது: ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோவா, போஸ்ட்ஜிஐஎஸ்ஸா?

யாழ்ப்பாணத்தில் வழி சொல்லத் தெரிந்த எவருக்கும் லீனியர் ரெஃபரன்சிங், அதாவது வீதி வழியே தூரத்தால் இடம் குறிப்பது, பாதி தெரியும். "பலாலி றோட்டிலை நாலாம் கட்டையடி, இடப்பக்கம்" என்றால் முடிந்தது. கட்டை என்பது வீதியோரத் தூரக்கல். வீதி எது, தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் என்று மூன்றும் அதில் வந்துவிட்டன. அகலக்கோடும் நெடுங்கோடும் யாருக்கும் தேவைப்படவில்லை. வீதித் தரவும் இப்படித்தான் எழுதப்படுகிறது. அந்த எழுத்தை வரைபடத்தில் சரியான இடத்தில் புள்ளியாக உட்கார வைப்பதுதான் மற்றப் பாதி.

ஓர் ஒப்பந்தகாரரிடம் மதகு, கிடங்கு (வீதிப் பள்ளம்), பெயர்ப்பலகை எல்லாவற்றையும் பதியும் வேலைக்குப் போனபோது அந்த மற்றப் பாதியைக் கற்க வேண்டி வந்தது. முதலில் வரைபட மென்பொருளான ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோவின் 21 நாள் இலவசத் தவணை. அது முடிந்ததும் இலவச வரைபட மென்பொருளான க்யூஜிஐஎஸ்ஸும் அதன் பின்னால் போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளமும். இன்றும் இரண்டாவதில்தான் இருக்கிறேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

விலையைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ஒன்றுக்கு உரிமப் பணம் கட்ட வேண்டும், மற்றது சும்மா கிடைக்கும். ப்ரோ விண்டோஸில் மட்டும் ஓடும், மற்றவை லினக்ஸிலும் மக்கிலும் ஓடும். சரி, அது அவ்வளவுதான்.

கற்பதற்கு இலகு ஆர்க்ஜிஐஎஸ்தான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். லீனியர் ரெஃபரன்சிங் என்ற பெயரிலேயே தனிக் கருவிப்பெட்டி இருக்கிறது. கிரியேட் ரூட்ஸ் கருவியால் வீதிக் கோட்டுக்கு அளவு ஏற்றுகிறோம். ஒவ்வொரு முனைக்கும் எக்ஸ், வை போல எம் என்று இன்னோர் எண் சேர்கிறது, தொடக்கத்திலிருந்து வந்த தூரம் அது. பிறகு எக்செல் அட்டவணையைக் கொடுத்து மேக் ரூட் ஈவென்ட் லேயரை ஓட்டினால் மதகுகள் வீதியில் வந்து நிற்கும். ஈவென்ட் என்ற சொல்தான் முதலில் குழப்பும். எங்கள் கிடங்கும் அதற்கு ஒரு ஈவென்ட்.

கிரியேட் ரூட்ஸ் கருவி கோட்டின் எந்த மூலையிலிருந்து எண்ணத் தொடங்குவது என்றும் கேட்கும். எனக்குத் திசை உறைத்தது அங்கேதான். ஏ9 வீதி கண்டியிலிருந்து எண்ணப்பட்டு வருகிறது. ஆகவே யாழ்ப்பாணத்தை நெருங்கும்போது கல்லில் முந்நூற்றுச் சொச்சம் நிற்கும், தொடக்க மூலை கீழே. பட்டணத்திலிருந்து ஊர்காவற்றுறைக்குப் போகும் வீதி மேற்கே ஓடுகிறது. அதைப் பட்டணத்திலிருந்து எண்ணினால் தொடக்கம் கீழ் வலது மூலை. எல்லா வீதிக்கும் ஒரே மூலையைக் கொடுத்தால் சில வீதிகள் தலைகீழாக எண்ணும், படத்தைப் பார்த்தால் எதுவும் தெரியாது.

போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் முதல் வாரம் தலையிடிதான். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தில் எடுத்த வீதி பல துண்டுகளாக வரும். ஷேப்ஃபைல் என்ற கோப்பிலிருந்து ஏற்றினால் கோடு மல்ட்டிலைன்ஸ்ட்ரிங்காக (பல கோடுகளின் கட்டாக) உட்காரும், புள்ளி கோட்டில் எங்கே என்று சொல்லும் எஸ்டி லைன்லொகேட்பொயின்ட் கட்டளையோ தனிக்கோடு வேண்டும் என்று மறுக்கும். நீளம் கேட்டேன்: 12 கிலோமீற்றர் வீதிக்கு 0.11 என்றது. பாகையில் அளந்திருக்கிறது. மீற்றரில் அளக்கும் யூடிஎம் 44 வடக்கு வலைக்கோ இலங்கையின் எஸ்எல்டி99 வலைக்கோ மாற்றிய பிறகுதான் மீற்றர் வந்தது. ஆர்க்ஜிஐஎஸ்ஸில் இந்த அடிகளில் பாதி என் மேல் விழவில்லை. விழாததால் நான் அவற்றைக் கற்கவும் இல்லை.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது இதெல்லாம் இல்லை. கல்லும் கோடும் ஒத்துப்போகாத இடத்தில் என்ன செய்வது, நாளைக்குக் கோடு மாறினால் யார் திருத்துவது என்பதுதான்.

நடந்ததைச் சொல்கிறேன். வடமராட்சிப் பக்கம் ஒரு வீதியில் ஒரு மதகு, 6ஆம் கல்லுக்கு அப்பால் 80 மீற்றரில். நான் கோட்டின் தொடக்கத்திலிருந்து 6.08 கிலோமீற்றர் அளந்து புள்ளி வைத்தேன். அச்செடுத்த படத்தோடு மேற்பார்வையாளர் அண்ணையும் நானும் மோட்டார் சைக்கிளில் போனோம். அவர் கல்லடியில் நிறுத்திப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, மதகு கல்லுக்கு அங்காலை எல்லோ கிடக்கு. உம்மடை படத்திலை இங்காலை நிக்குது." பிழை இதுதான்: கல் எண்ணத் தொடங்கிய இடமும் என் கோடு தொடங்கிய இடமும் ஒன்றில்லை. என் கோட்டில் அந்தக் கல் 6.15இல் இருந்தது. மதகு 6.23க்குப் போயிருக்க வேண்டும். 150 மீற்றர் பின்னுக்கு வைத்துவிட்டேன்.

இதற்கு மருந்து, கற்களை வைத்துக் கோட்டை அளவு திருத்துவது. ஆர்க்ஜிஐஎஸ்ஸில் கலிபிரேட் ரூட்ஸ் என்ற கருவி இதைச் செய்யும், நன்றாகவே செய்யும். கற்களின் புள்ளிகளைக் கொடுத்தால் இடையில் உள்ள எம்மை அதுவே நிரப்பும். போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் நானே செய்தேன். ஒவ்வொரு கல்லிலும் கோட்டை வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு முனைக் கற்களின் எண்ணை எஸ்டி ஆட்மெஷரால் ஏற்றி, மறுபடி ஒட்டினேன். ஒட்டும்போது ஒரு குழி இருக்கிறது: எஸ்டி லைன்மெர்ஜால் ஒட்டினால் எம் எல்லாம் உதிர்ந்துவிடும். துண்டுகளை வரிசைப்படுத்தி எஸ்டி மேக்லைனால் ஒட்ட வேண்டும். அந்த ஒரு சொல் என் இரவு ஒன்றைத் தின்றது.

இவ்வளவு பாடுபட்டும் ஏன் இந்தப் பக்கம்? அந்த வெட்டி ஒட்டும் வேலை முழுக்க முப்பது வரி எஸ்கியூஎல்லாக (தரவுத்தளக் கட்டளை மொழியில்) என்னிடம் இருக்கிறது. மதகு அட்டவணையில் புள்ளி எதுவும் சேமிக்கவில்லை. கல் எண், அதிலிருந்து மீற்றர், பக்கம், அவ்வளவுதான். புள்ளியை ஒரு வியூ (சேமித்து வைத்த வினவல்) அந்த நேரத்தில் எஸ்டி லொகேட்அலோங்கால் உண்டாக்கும், க்யூஜிஐஎஸ் அதைக் காட்டும். பிறகு ஒரு வளைவை நிமிர்த்தினார்கள். கோட்டில் அந்த இடத்தைத் திருத்தி அதே முப்பது வரியை மறுபடி ஓட்டினேன். அந்த இரண்டு கல்லுக்கு இடைப்பட்டவை மட்டும் நகர்ந்தன, மற்றவை அசையவில்லை. எந்தக் கட்டத்தில் எந்தப் பொத்தானை அழுத்தினேன் என்று நினைவுபடுத்தத் தேவையில்லை. அடுத்து வருகிறவருக்கு அந்தக் கோப்பைக் கொடுத்தால் போதும்.

நியாயமாகச் சொன்னால் ஆர்க்ஜிஐஎஸ்ஸின் ஈவென்ட் லேயரும் அட்டவணையிலிருந்து அப்போதைக்கப்போது வரைவதுதான், பைத்தன் தெரிந்தவர் அங்கேயும் எல்லாவற்றையும் எழுதி வைக்கலாம். ஆனால் தவணை முடிந்த பிறகு அதை ஓட்ட என்னிடம் உரிமம் இல்லை. பராமரிப்பு என்பது வேலை முடிந்த பிறகு வருகிற வேலை. பெரிய நிறுவனங்களுக்கென்று அவர்கள் வைத்திருக்கும் ரோட்ஸ் அண்ட் ஹைவேஸை நான் தொட்டதில்லை. வீதி மாறும்போது ஈவென்ட்டை என்ன செய்வது என்பதற்காகவே வந்தது அது. அதை வைத்து யாராவது என்னை மறுத்தால் கேட்டுக்கொள்வேன்.

எஸ்கியூஎல் என்றாலே வயிற்றைக் கலக்குகிறவருக்கு இடையில் ஒரு வழி இருக்கிறது. க்யூஜிஐஎஸ்ஸில் சேர்க்கும் எல்ஆர்எஸ் என்ற லீனியர் ரெஃபரன்சிங் நீட்சி. கற்களைக் கொடுத்து அளவு திருத்தலாம், ஒத்துவராத இடங்களைத் தனி அடுக்கில் காட்டும். நான் இரண்டு வீதிக்குத்தான் பயன்படுத்தினேன், பிடித்திருந்தது. ஆனால் நீட்சி க்யூஜிஐஎஸ் பதிப்போடு கட்டுண்டது. 2018இல் 3.0 வந்தபோது பழைய நீட்சிகளைப் புதிய பைத்தனுக்கு மாற்றி எழுத வேண்டி வந்தது. பல வருடம் பேண வேண்டிய தரவை அதன் மேல் மட்டும் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

கம்பஸில் உரிமம் உள்ள ஆய்வுகூடம் கிடைக்கிறவர் ஆர்க்ஜிஐஎஸ்ஸில் தொடங்கட்டும். ரூட், ஈவென்ட், எம் மூன்றும் அங்கே இரண்டு நாளில் மனதில் ஏறும். எதில் தொடங்கினாலும் களத்தாளில் 6+080 என்று ஒரே கட்டத்தில் எழுத விடாதீர்கள். இரண்டு மென்பொருளுக்கும் அது வெறும் எழுத்து, எண் இல்லை. கல்லுக்கு ஒரு நிரல், மீற்றருக்கு இன்னொரு நிரல். எங்கள் தாளில் நானூறு வரியை நான் கையால் பிரித்தேன்.