உப்புக்காற்றில் ஒரு மொறிஸ் மைனர்: திருத்தி ஓட்டிய அனுபவம்

மொறிஸ் மைனர் என்ற பழைய பிரித்தானியக் காரைத் திருத்தி முடித்த அன்றைக்கே படம் எடுத்துப் போடுபவர்கள் நிறையப் பேர். அதை வருடக்கணக்கில் ஓட்டிய பிறகு என்ன ஆனது என்று எழுதுபவர்கள் குறைவு. என்னுடையது 948 சீசீ மைனர் 1000. முன்கண்ணாடி ஒற்றையாய் வளைந்து வரும் மொடல். உப்புவெளிக்கும் திருகோணமலை டவுனுக்கும் நடுவே அநேகமாக எல்லா நாளும் ஓடும், இடைக்கிடை கந்தளாய் வரை போய் வரும். வீடு கடலுக்குக் கிட்ட. ஆகவே கீழே வருவது பெரும்பாலும் கறள் கதைதான்.

எஞ்சினைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பொயின்ற் (தீப்பொறிக்கு மின்சாரத்தை வெட்டும் தொடுமுனை) இடைவெளி 0.38 மில்லிமீற்றர், ரப்பெற் (வால்வைத் தள்ளும் பாகம்) 0.30. இவை சரியாக இருந்தால் சோக்கை இழுத்தவுடன் பிடிக்கும். ஈயம் கலந்த பெற்றோல் நாட்டில் 2002இல் நின்றதால் வால்வ் சீற், அதாவது வால்வ் வந்து மூடும் இடம், சீக்கிரம் தேயும் என்று பலர் பயங்காட்டினார்கள். ஹெட்டைக் கழற்றிய நேரமே எக்ஸோஸ்ற் பக்கத்துக்குக் கடினமான சீற் போட்டுவிட்டேன். 92 ஒக்ரேனில்தான் ஓடுகிறது, ரப்பெற் இடைவெளி இன்னும் இறுகவில்லை, அதாவது சீற் தேயவில்லை. எஸ்யூ கம்பனியின் மின்சாரப் பெற்றோல் பம்புக்கு மட்டும் ஒரு குணம் உண்டு. வாகனம் சும்மா நின்றால் அதற்குள் இருக்கும் பொயின்ற் ஒட்டிக்கொள்ளும். 2022இல் பெற்றோல் இல்லாமல் கார் முற்றத்தில் கிடந்த காலத்தில் இது நன்றாகப் பழகிவிட்டது. ஸ்பனரால் மெதுவாக ஒரு தட்டு, டிக் டிக் என்று தொடங்கிவிடும்.

கவனம் முழுக்கக் கேட்பது முன் சில்லுகள். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த கார் இது. அந்தக் காலத்துக்கு அதன் ஸ்ரியரிங் அபாரம், இன்றும் மூன்றாம் கட்டை வளைவுகளில் ஓட்டிப் பார்த்தால் விளங்கும். ஆனால் முன் சில்லைத் தாங்கும் ட்ரனியனில் புரி வெட்டியிருக்கிறது, அதற்கு கிறீஸ்தான் உயிர். கிறீஸ் காய்ந்து புரி தேய்ந்தால் ஒருநாள் கழன்று, சில்லு மட்கார்டுக்குள் மடங்கிவிடும். 1000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்கச் சொல்கிறது கைந்நூல். பழைய மைனர்களோடே வயது போன ஒரு மெக்கானிக் ஐயா, “தம்பி, இங்க மைல் கணக்குப் பாக்காதேங்கோ. மாரிக்கு முதல் ஒருக்கா, மாரி விட்டதும் ஒருக்கா, நடுவில நினைச்ச நேரமெல்லாம்” என்றார். அப்படித்தான் செய்கிறேன். ஜக் வைத்துச் சில்லை நிலத்திலிருந்து தூக்கிவிட்டு அடிக்கவேண்டும். பாரம் இருந்தால் புரியின் ஒரு பக்கத்துக்குக் கிறீஸ் போய்ச் சேராது. இதைச் செய்யாத கராஜ்கள்தான் அதிகம்.

இனி பொடி. கார்த்திகை தொடங்கித் தை வரைக்கும் வடகிழக்குக் காற்று கடலை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவரும். காலையில் பொன்னற்றைத் தடவினால் விரலில் உப்பு. சில்லுப் பெட்டிகளுக்குள்ளும் பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்திலும் ஒரு பக்கம் மெழுகு மருந்தும், மறுபக்கம் ஊரில் எல்லாரும் செய்வதுபோல் பழைய எஞ்சின் ஒயிலும் அடித்துப் பார்த்தேன். ஒயில் அடித்த பக்கம் அடுத்த மாரிக்குள் கழுவுப்பட்டுவிட்டது, றப்பர்களும் ஊதிப்போயின. மெழுகு இருந்தபடி இருக்கிறது. விலை கூடத்தான், ஆனால் தகடு வெட்டி ஒட்டும் கூலியோடு பார்த்தால் ஒன்றுமில்லை. அடியில் நல்ல தண்ணீர் அடிப்பதும் முக்கியம். எங்கள் கிணறு உவர் என்பதால் குழாய்த் தண்ணீர்தான். கவர் போட்டு மூடுவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கத்தான் அது உதவும். புதிதாய்ப் போட்ட குரோம் பம்பர் ஒரே மாரியில் கொப்பளம் போட்டது. வெளியூரில் செய்வித்த வேலை. அடியில் நிக்கல் மெல்லிசாக இருந்தால் இந்த ஊரில் நிற்காது. இப்போது பம்பருக்குச் சாம்பல் நிறப் பெயின்ற், வடிவு குறைவென்றாலும் நிம்மதி.

பழைய கராஜ் சாமான்களைத் திருத்தியதில் வந்த திருப்தி, சொன்னால் சிரிப்பீர்கள், காரைவிடக் கூட. இங்கே பழைய இரும்புக் கடையில் எதைக் கேட்டாலும் “நேவிச் சாமான்” என்பார்கள். பிரித்தானியர் 1957இல் திருகோணமலைக் கடற்படைத் தளத்தைக் கையளித்தபோது அவ்வளவையும் விட்டிருந்தால் கப்பல்கள் வெறுமையாகத்தான் திரும்பியிருக்கும். எனக்குக் கிடைத்தது ஷெஃபீல்டில் செய்த ஒரு ரெக்கோர்ட் வைஸ் (மேசையில் பூட்டும் இறுக்கி), ஒரே கறள் கட்டி. பிளாஸ்ரிக் பீப்பாயில் சலவைச் சோடாக் கரைசல், பற்றரி சார்ஜரின் நெகற்றிவ் வைஸில், பொசிற்றிவ் ஒரு பழைய இரும்புத் துண்டில். எவர்சில்வர் மட்டும் வைக்கக்கூடாது, நச்சுக் குரோமியம் கரைந்து வரும். ஐதரசன் கிளம்பும், எனவே வெளியில் வைத்துத்தான். கறள் கழன்று வந்த பிறகு புரிக்குக் கிறீஸ், மற்ற இடத்துக்கு மெல்லிய ஒயில். இன்றைக்கும் மேசையில் அசையாமல் நிற்கிறது. அண்மையில் வாங்கிய புது வைஸின் தாடையோ அதற்குள் வெடித்துவிட்டது.

ரொலி ஜக்குக்கு சீல் மாற்றி ஹைட்ரோலிக் ஒயில் விட்டேன். பிரேக் ஒயில் விட்டால் சீல் போய்விடும், பலர் அதைத்தான் விடுகிறார்கள். விற்வேர்த் என்ற பழைய பிரித்தானிய அளவு ஸ்பனர்கள் மைனருக்கு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை, பழைய கராஜ் சாமான்களுக்குத்தான் வேண்டும். கால் அங்குலம் என்று பொறித்திருக்கும், வாயை அளந்தால் அரை அங்குலத்துக்கு மேல் வரும். எண் போல்ற்றின் விட்டத்தைச் சொல்கிறது, தலையை அல்ல. தெரியாமல் வாங்கினால் கடைக்காரரோடு சண்டைதான்.

உதிரிப்பாகத்துக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தை போதும். இங்கே செய்த மைனர் தகடுகள் ஒரு காலம் இங்கிலாந்துக்கே போயின, ஆகவே தகடு ஒரு பிரச்சினை இல்லை. விலைதான் பிரச்சினை. 2020இல் வாகன இறக்குமதி நின்றதும் கிழட்டு மைனருக்கும் மவுசு வந்துவிட்டது, “திருத்தி முடித்தது” என்ற பேரில் மினுக்கி விற்கிறார்கள். பார்க்கப் போகும்போது சாரதி பக்கக் கம்பளத்தைத் தூக்குங்கள். பிரேக் மாஸ்ரர் (பிரேக் ஒயிலைத் தள்ளும் சிலிண்டர்) அந்தத் தளத்துக்குக் கீழே சட்டக்காலுக்குள் இருக்கும். அந்த இடத்தை அடியிலிருந்து ஒரு ஸ்குரூட்றைவரால் குத்திப் பாருங்கள், உள்ளே போனால் விலை பேசாமல் திரும்புங்கள்.